நல்ல முகம் வெளியே

"முதல்ல நீ கீழ இறங்கு."

"நீ ஜாக்கியை எடு, இறங்குறேன்."

"ஜாக்கி மேல வண்டி நிக்குது. வண்டி மேல நீ உட்கார்ந்திருக்க. நான் எப்படி எடுக்கிறது?"

"அப்போ விடு. நிக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

அண்ணன் கையிலிருந்த வீல் ஸ்பேனரைத் தரையில் போட்டான். சத்தம் ஷெட் முழுக்க உருண்டு, தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. பள்ளி வேனின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்த தங்கை, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், ஓடாத வண்டியை ஓட்டுகிறவள் போல. ஜாக்கி வண்டியை ஒரு பக்கமாகத் தூக்கியிருந்ததால் அவளும் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். சாய்ந்திருந்தாளே தவிர, அசைவதாக இல்லை.

சண்டை நேற்று மாலையே ஆரம்பித்தது. சாப்பாட்டு நேரத்தில் தட்டுகளுக்கு நடுவே ஓடி, தூக்கத்தில் கொஞ்சம் ஓய்ந்து, விடிந்ததும் ஷெட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. காரணம் நாலு டயர்.

இந்தக் குடும்பத்துக்கு இரண்டு வேன். மலை வண்டியை அண்ணன் ஓட்டுகிறான். ஊர் சுற்ற வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வளைவு வளைவாக மேலே போய், ஏரியைக் காட்டிவிட்டு இறங்கும் வண்டி அது. பள்ளி வண்டியைத் தங்கை ஓட்டுகிறாள். அவள் கேட்டு, அழுது, பேசாமலிருந்து, கடைசியில் தானே போய் லைசென்ஸ் எடுத்து வந்து நின்றபிறகு அவள் கைக்கு வந்த வண்டி. அவளுக்கென்று உலகத்தில் இருக்கிற ஒரே பொருள் அதுதான்.

இரண்டும் ஒரே அச்சில் வார்த்த வண்டிகள். ஆனால் இரண்டுக்கும் சேர்த்து நல்ல டயர் ஒரு செட்தான். மற்ற செட் மொட்டை. தடவிப் பார்த்தால் அப்பாவின் தலை போலவே இருக்கும் என்பது வீட்டு வேடிக்கை. அதைச் சொல்லி முதலில் சிரிப்பவரும் அப்பாதான்.

நல்ல செட்டுக்கு மாப்பிள்ளை டயர் என்று பெயர் வைத்தவரும் அவரே. எந்த வண்டி வருடாந்தரச் சோதனைக்குப் போகிறதோ அது அந்த நாலையும் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரிப் போகும். நெற்றியில் பச்சை ஸ்டிக்கரோடு திரும்பி வரும். வந்த கையோடு வேஷத்தைக் கலைத்துவிட்டு, டயரை மலை வண்டிக்கு மாட்டிவிடுவார்கள். இருக்கிற ஒரே நல்ல சட்டையை அண்ணன் தம்பி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வேலை கேட்கப் போவதில்லையா, அந்த மாதிரி என்பார் அப்பா. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். தங்கையும் கூடவே சிரித்திருக்கிறாள்.

நேற்று பள்ளி வண்டியின் முறை. சோதனை நிலையத்தில் இருப்பவருக்கு இவர்கள் வைத்த பெயர் பூட்ஸ் சார். டயரைக் குனிந்து பார்க்க மாட்டார். பூட்ஸ் நுனியால் ஓர் உதை, அவ்வளவுதான். நேற்றும் நாலையும் அப்படியே உதைத்துப் பார்த்து, வண்டியை நல்லபடியாக வைத்திருக்கிறாய் என்று மெச்சி, கண்ணாடியில் பச்சையை ஒட்டி அனுப்பினார். வீட்டுக்கு வந்தால் அண்ணன் ஜாக்கியோடு காத்திருந்தான். அவள் சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, முடியாது என்றுவிட்டாள்.

காரணம் போன மாதத்து மழை.

பள்ளிக்கூட வாசலுக்கு முன்னால் ரோடு லேசாக இறங்கும். அன்றைக்கு அந்த இறக்கத்தில், தினமும் மிதிக்கிற இடத்தில், தினமும் மிதிக்கிற அளவுக்குத்தான் பிரேக்கை மிதித்தாள். சக்கரம் நின்றது. வண்டி நிற்கவில்லை. ஈரக் கையிலிருந்து சோப்பு நழுவுவது போல, சத்தமே இல்லாமல், ஸ்டியரிங்குக்கும் தனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது போல வழுக்கிக்கொண்டு போனது. நடந்து போகிறவர்களுக்காகப் போட்டிருந்த இரும்புத் தடுப்பை மெல்லத் தொட்டு நின்றது. தடுப்புக்கு அந்தப் பக்கம் குடைகளோடு ஒரு கூட்டம்.

பின்னால் பைகள் சரிந்து விழுந்தன. அப்புறம் பிள்ளைகள் கைதட்டினார்கள். ராட்டினத்தில் சுற்றி வந்தது போல முகமெல்லாம் சிரிப்பு. "இன்னொரு தடவை, வேன் அக்கா, இன்னொரு தடவை" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கெஞ்சினார்கள்.

அந்தக் கெஞ்சல் இன்னும் அவள் காதைவிட்டுப் போகவில்லை. தூங்கும்போது சில நாள் வண்டி அதுபாட்டுக்கு வழுக்கிக்கொண்டே போகும். தடுப்பைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, ரோடே இல்லாத ஒரு வெள்ளைப் பரப்பில் போகும். பின்னால் கைதட்டல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அண்ணன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பள்ளி வண்டி ஊருக்குள்ளேயே ஊர்ந்து போகிறது. மலை வண்டிக்கு ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. இன்றைக்குத் தையல் கம்பெனிப் பெண்கள் ஏரி பார்க்கக் கிளம்பி, தெருமுனையில் நிற்கிறார்கள். அத்தனை பேரையும் மொட்டை டயரில் மேலே கொண்டு போகச் சொல்கிறாயா என்று அவன் கேட்டான்.

அந்தக் கேள்வியைத்தான் அவளும் நேற்றிலிருந்து யோசிக்கிறாள். இவள் ஜெயித்தால் அந்தப் பெண்கள் மொட்டையின் மேல் உட்காருவார்கள். அவன் ஜெயித்தால் பிள்ளைகள். எப்படிப் புரட்டிப் போட்டாலும் யாரோ ஒருவர் மொட்டையின் மேல்.

அப்பா டீ தம்ளரோடு வந்து, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முடிவைச் சொல்வதற்கு முன் ஒரு மடக்குக் குடிப்பது அவர் வழக்கம்.

"மலைக்குத்தான் நல்லது போகணும். எப்பவும் அப்படித்தானே," என்றார்.

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். அவ்வளவு சுலபமாக இறங்குவாள் என்று எதிர்பார்க்காத அண்ணன், ஸ்பேனரை எடுக்க மறந்து நின்றான்.

"கழட்டிக்கோ," என்றாள். "ஆனா மொட்டையை என் வண்டியில மாட்டக் கூடாது. இது கல்லு மேல நிக்கட்டும்."

"பிள்ளைங்க?"

"வீட்டுக்கு வீடு நான் பேசிக்கிறேன். இன்னைக்கு வண்டி இல்லை. நாளைக்கும் இல்லை. நல்ல டயர் வர்ற வரைக்கும் இல்லை."

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தம்ளருக்குள் பார்த்தார். வீம்பு, ஒரு நாளில் வடிந்துவிடும் என்று இருவரும் நினைத்தது அவளுக்குத் தெரிந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

மாப்பிள்ளை டயரைக் கழற்றுவதில் ஒரு சடங்கே உண்டு. நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை அணைத்து இறக்கி, சாக்கு விரித்து, முகம் மேலே இருக்கும்படி படுக்க வைக்க வேண்டும். முகம் என்றால் வெளியே தெரிகிற பக்கம். அதில் ஒரு கீறல் விழக் கூடாது. மாட்டும்போதும் நல்ல முகம்தான் வெளியே இருக்க வேண்டும். இது அப்பா போட்ட சட்டம். ஏன் என்று அண்ணன் கேட்டதில்லை. குழந்தையைத் தொட்டிலில் போடுவது போலத்தான் ஒவ்வொரு சக்கரத்தையும் சாக்கில் போடுவான்.

மூன்று படுத்தாயிற்று. கடைசிச் சக்கரத்தை இறக்கியவள் தங்கை. மலை வண்டிப் பக்கம் உருட்டிக்கொண்டு போகும்போது அண்ணன், பார்த்து, பார்த்து என்றான். அந்த இரண்டு வார்த்தையே அவளுக்கு எரிச்சல் மூட்டப் போதுமாக இருந்தது. கையை எடுத்துவிட்டாள்.

சக்கரம் தானாக நாலடி ஓடி, தள்ளாடி, குப்புற விழுந்தது.

"ஏய், முகம்," என்று அண்ணன் பாய்ந்தான்.

பாய்ந்தவன் பாதியில் நின்றான். அவளும் பார்த்தாள். வாளியிலிருந்து அப்பா எழுந்தார்.

எப்போதும் வண்டியின் வயிற்றைப் பார்த்தே இருந்த பக்கம் அது. இப்போது மேலே தெரிந்தது. ரப்பரில் குறுக்கே ஒரு பழைய வெட்டு. வாய் பிளந்து, ஓரமெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. வெட்டைச் சுற்றி டயர் வீங்கியிருந்தது, கன்னத்துக்குள் எலுமிச்சம்பழத்தை அடக்கி வைத்தது போல. வெட்டுக்குள்ளே, காற்றுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே மிச்சமிருந்த நூல்கள் தெரிந்தன. சில அறுந்திருந்தன. மற்றவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன.

"அது சும்மா கீறலாத்தான் இருந்துச்சு," என்றார் அப்பா, யாரும் கேட்காமலேயே. "வாங்கின புதுசுல கல்லுல உரசிச்சு. நல்ல டயரை எறியவா முடியும்? அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டச் சொன்னேன்."

நல்ல முகம் வெளியே என்ற சட்டம் எங்கிருந்து வந்தது என்பது அண்ணனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் முட்டி போட்டு உட்கார்ந்து, அந்த வீக்கத்தின் மேல் விரலை வைத்தான். வைத்ததும் எடுத்துக்கொண்டான். போன வாரம் இதே டயரில்தான் ஒரு கூட்டத்தை மேலே கொண்டு போய் வந்தான். வளைவுகளில் விசிலடிப்பது அவன் பழக்கம். ஏறியிருப்பவர்கள் கூடச் சேர்ந்து விசிலடிப்பார்கள்.

"எந்தப் பக்கம் இருந்துச்சு இது?" என்று கேட்டான். அவன்தான் மாட்டியவன். அவனுக்கே தெரியும். பின்பக்கம், பள்ளத்தை ஒட்டிய பக்கம்.

வெளியே போய்த் தையல் கம்பெனிக்குப் போன் செய்தான். வண்டியில் கோளாறு என்றான், வேறு வண்டி ஏற்பாடு செய்து தருகிறேன் என்றான், தெரிந்த ஓட்டுநரின் எண்ணைக் கொடுத்தான். குரல் வழக்கம் போலவே இருந்தது. திரும்பி வந்தபோது மட்டும் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

தங்கை வீட்டுக்குள் போய்ப் பெற்றோர்களை அழைக்க ஆரம்பித்தாள். வண்டி இன்றைக்கு வராது, டயர் சரியில்லை. ஒருவர் சலித்துக்கொண்டார். ஒருவர் நல்லவேளை சொன்னாய் என்றார். ஒருவர் பாதியிலேயே வைத்துவிட்டார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வண்டியில் எப்போதும் அவள் முதுகுக்கு நேர் பின்னால் உட்காரும் வாயாடிப் பெண்ணின் அம்மாவிடம்தான் மாட்டிக்கொண்டாள்.

"என்னம்மா, நேத்துதானே பாஸாயிடுச்சுன்னு சொன்னீங்க? பச்சை ஸ்டிக்கரைப் பாப்பா படமாவே வரைஞ்சு வெச்சிருக்கா. ஒரே நாளில எப்படிக் கெட்டுப்போகும்?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டு, அணைந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்று எல்லாருக்கும் சொன்னது இவள்தான். சந்தோஷமாகச் சொன்னாள். பச்சை என்றால் பிள்ளைகள் பத்திரம் என்று அந்த அம்மா நம்பியிருக்கிறாள். வேறு எதற்காக ஒட்டுகிறார்கள் அதை?

சமையலறையிலிருந்து அம்மா, என்ன சண்டையாக இருந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள் என்றாள். தங்கை காதில் விழாதது போல ஷெட்டுக்குத் திரும்பினாள்.

திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பள்ளி வண்டி சக்கரத்தில் நின்றது. அண்ணன் கடைசி நட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். அப்பா பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"வா, வா," என்றான் அண்ணன். முகத்தில் ஒரு தெளிவு. பெரிய மனது பண்ணியவனின் தெளிவு. "மூணு நல்லது இருக்குல்ல. மூணையும் உனக்கே மாட்டிட்டேன். நாலாவதுக்கு மொட்டையிலேயே கொஞ்சம் சுமாரா இருந்ததா பார்த்து, பின்னாடி போட்டிருக்கேன். இப்போ கிளம்பினாக்கூட பிள்ளைங்களை மணியடிக்கிறதுக்குள்ள விட்டுடலாம்."

"நீ கேட்டதுதானே," என்றார் அப்பா. "சந்தோஷமா?"

அவள் ஒரு கணம் தடுமாறித்தான் போனாள். அதைச் சொல்லியே ஆக வேண்டும். நேற்றிலிருந்து கத்தியது இதற்காகத்தான். அண்ணன் தன் தொழிலுக்கு வேண்டியதை எடுத்து அவளுக்குக் கொடுத்திருக்கிறான், அதுவும் அவள் கேட்டதால். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் போதும். எல்லாருக்கும் திரும்பப் போன் செய்து, சரியாகிவிட்டது, இதோ வருகிறேன் என்று சொல்லிவிடலாம். நாலில் மூன்று நல்லது. எத்தனை வண்டிக்கு அதுகூட இல்லை.

பின்னால் போய்க் குனிந்து, அந்த நாலாவது டயர் தரையைத் தொடும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கை அளவுதான் இருந்தது. எவ்வளவு பெரிய வண்டியாக இருந்தாலும், பூமியைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு சக்கரத்துக்கு ஒரு கை அளவுதான். அத்தனை பிள்ளைகளும், அவர்கள் பைகளும், பாட்டும், சண்டையும், பாதி தின்ற பென்சில்களும் நாலே நாலு உள்ளங்கைமேல் உட்கார்ந்து போகின்றன. அதில் ஒரு கை வழவழவென்று இருந்தது. தண்ணீர் பட்டால் பிடித்துக்கொள்ள அதில் ரேகையே இல்லை.

நிமிர்ந்தாள்.

"மழை வந்தா?"

"மெதுவாப் போ."

"அன்னைக்கும் மெதுவாத்தான் போனேன்."

அண்ணன் அலுத்துக்கொண்டான். கண்ணாடியில் பச்சை இருக்கிறது, யார் கேட்கப் போகிறார்கள் என்றான். அடுத்த மாதம் மலை வண்டிக்குச் சோதனை வருகிறது, அதற்குள் எங்கிருந்தாவது ஒரு டயர் புரட்டினால் மறுபடி நாலாகிவிடும் என்றான். அப்பா அதையும் விஞ்சினார். வீங்கினதை எறிய வேண்டாம், ஸ்டெப்னியாக அடியில் தொங்கவிடலாம், ஸ்டெப்னியை யாரும் உதைத்துப் பார்ப்பதில்லை.

அவர்கள் பேசப் பேச அவளுக்கு ஒன்று தெளிவாகிக்கொண்டே வந்தது. இவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த வீக்கத்தைத் தொட்டதும் பின்வாங்கிய விரல் அவள் அண்ணனுடையதுதான். ஆனால் பயம் தணிந்ததும் இந்த வீட்டு மூளை மறுபடி டயரை மாற்றி மாற்றி அடுக்கத் தொடங்கிவிடும். மூன்றும் ஒன்றும், முன்னாடியும் பின்னாடியும், உள்ளேயும் வெளியேயும். தன் மூளையும் அதே வீட்டு மூளைதான். ஒரு கணம் தடுமாறியது அதுதானே. கண்ணாடியில் அந்தப் பச்சை இருக்கிற வரைக்கும், ஏதாவது ஒரு அவசரக் காலையில் அவளே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவாள்.

மூலையில் கிடந்த வீங்கின சக்கரத்தை நிமிர்த்தினாள். வாசல் பக்கம் உருட்ட ஆரம்பித்தாள்.

"எங்கே எடுத்துட்டுப் போற?"

"பூட்ஸ் சார்கிட்ட."

அண்ணனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் வந்து வழியை மறித்தான். அவள் சக்கரத்தை நிறுத்தவில்லை. அவன்தான் காலை இழுத்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தி, அவள் தோளருகே நின்று சொன்னான்.

"உன் வண்டியை என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ. மலை வண்டி பேரை மட்டும் அங்க இழுத்துடாதே."

அவள் சக்கரத்தைத் தெருவுக்கு இறக்கினாள்.

காலை நேரத் தெருவில் ஒரு பெண் வேன் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனால் பார்க்காதவர்கள் யார்? செருப்புக் கடைக்காரர் ஷட்டரைப் பாதியில் பிடித்துக்கொண்டு பார்த்தார். சைக்கிளில் போன ஒருவர், பஞ்சர் கடை அந்தப் பக்கம் என்று வழி சொன்னார். வானம் மூட்டம் போட்டிருந்தது. சக்கரம் ஒரு பக்கமாகவே இழுத்தது. ரிம்மின் இரும்பு உள்ளங்கையை அறுத்தது. நிறுத்தினால் திரும்பிப் பார்க்கத் தோன்றும் என்று நிறுத்தாமல் போனாள்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா. கையில் மடக்கிய குடை. மூச்சு வாங்கிக்கொண்டே, விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டே வந்தார்.

பச்சை போனால் பள்ளிக்கூடம் வேறு வண்டி பார்த்துக்கொள்ளும் என்றார். வீட்டுச் சமாச்சாரத்தைத் தெருவில் உருட்டிக்கொண்டு போகிறாயே என்றார். காலமெல்லாம் இதைவிட மோசமான டயரில் தான் ஓட்டியதாகவும், ஓர் எறும்புக்குக்கூடத் தன்னால் காயம் பட்டதில்லை என்றும் சொன்னார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலைப்பா," என்றாள் அவள், தலையைத் திருப்பாமல். "ஆனா அது டயர் நல்லா இருந்ததால இல்லை."

அப்பா குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு வேறு குரலில் கேட்டார்.

"அந்த வண்டி இல்லைன்னா நீ என்ன பண்ணுவ?"

அதுதான் அவள் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளாமல் வந்த கேள்வி. காலையில் எழுந்ததும் இன்ஜின் சத்தத்தைக் காது வைத்துக் கேட்பது, கண்ணாடியைத் துடைப்பது, ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஹாரன், ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையும் சொல்கிற ஒரு பொய்க் கதை. அது இல்லாத காலை எப்படி இருக்கும் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"தெரியலை," என்றாள். "தெரியாமலே போறேன்."

சோதனை நிலையத்துக்குப் போகும் ரோடு கடைசியில் சட்டென்று இறங்கும். அவள் கவனம் பேச்சில் இருந்தது. சக்கரம் கையைவிட்டு நழுவி, ஒரு துள்ளு துள்ளி ஓட ஆரம்பித்தது. எதிரே ஒருவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தார். அவள் கத்துவதற்குள் அப்பா குடையைப் போட்டுவிட்டு ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை. இரண்டு கையாலும் சக்கரத்தைக் கட்டிப் பிடித்து, மடியில் சாய்த்துக்கொண்டு, ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

குழந்தையோடு வந்தவர், ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பாவின் முகத்துக்கு நேரே அந்த வீக்கம் இருந்தது. ஷெட்டில் அவர் அதைத் தள்ளி நின்றுதான் பார்த்தார். இப்போது பக்கத்தில், ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில். அறுந்த நூல்களைக் கட்டைவிரலால் தடவினார். வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

அவள் குடையை எடுத்துக்கொண்டு வந்து கை நீட்டினாள். அவர் எழுந்தார். ஆனால் சக்கரத்தை அவளிடம் கொடுக்கவில்லை. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அவளாக உருட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

"உன் பக்கம் சேர்ந்துட்டேன்னு நினைச்சுக்காதே," என்றார். "ஓடிடுமேன்னுதான் பிடிச்சிருக்கேன்."

"சரிப்பா."

சோதனை நிலைய முற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் குளித்துத் துடைத்துப் பளபளத்தன. டயர்களில் கறுப்பு மினுமினுத்தது. இதில் எத்தனை வண்டி நிஜமாகவே இப்படி, எத்தனை வண்டி மாப்பிள்ளைக் கோலம் என்று அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தெரிந்த ஓட்டுநர்கள் அப்பாவுக்கு வணக்கம் சொன்னார்கள். சொல்லிவிட்டுச் சக்கரத்தைப் பார்த்தார்கள். பேச்சு ஒவ்வொரு வண்டியாக அணைந்துகொண்டே வந்தது.

பூட்ஸ் சார் ஒரு லாரியிடமிருந்து திரும்பினார். அவளை அடையாளம் தெரிந்து சிரித்தார். நேற்றுதானே வந்தாய், வண்டி எங்கே, இது என்ன சக்கரம் மட்டும் நடந்து வந்திருக்கிறது என்றார்.

அப்பா சக்கரத்தை நிறுத்தினார். நிறுத்தும்போதே, இத்தனை வருடப் பழக்கத்தில், கை தானாக அதைத் திருப்பி நல்ல முகத்தைப் பூட்ஸ் சாருக்குக் காட்டியது. கறுகறுவென்று, வரிகளெல்லாம் ஆழமாக, கீறலே இல்லாத முகம். பூட்ஸ் சாரின் கால் லேசாக உயர்ந்தது.

அப்பா தன் கையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். இது அவள் சொல்லிச் செய்கிற காரியம் இல்லை.

அவர் மெதுவாகச் சக்கரத்தைப் பிடித்து மறுபக்கம் திருப்பி வைத்தார்.

பூட்ஸ் சாரின் கால் தரைக்குத் திரும்பியது. சிரிப்பு இருந்த இடத்திலேயே உறைந்து நின்றது. அவர் வீக்கத்தைப் பார்த்தார், பிறகு அவளை, பிறகு மறுபடி வீக்கத்தை. முதல் மழைத் துளி நிலையத்தின் தகரக் கூரையில் விழுந்தது.

இதுவரை வந்த வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தாள். ஒன்றும் நினைவில் இல்லை. அண்ணன் தோளருகே நின்று சொன்னது மட்டும் நினைவிருந்தது. கைதட்டிய பிள்ளைகளும் நினைவிருந்தார்கள். சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் அப்பாவின் கையும் இருந்தது.

"நேத்து நீங்க உதைச்சுப் பார்த்த டயர்ல இதுவும் ஒண்ணு சார். கழட்டி மாட்டிக் கழட்டி மாட்டி ஒரே செட்டை ரெண்டு வண்டிக்கும் காட்டிட்டு இருந்தோம். எங்க ஷெட்டுக்கு வாங்க. பள்ளிக்கூட வண்டியும் இருக்கு, மலைக்குப் போற வண்டியும் இருக்கு. ஒட்டின பச்சையைக் கிழிச்சுட்டு, ரெண்டையும் குனிஞ்சு, உள்பக்கமும் சேர்த்து, இன்னொரு தடவை பாருங்க சார்."